தகரப் பெட்டியில் வைத்த கை

இது நான் பார்த்தது இல்லை. எனக்குச் சொன்னவள் வைஷாலி, என் பக்கத்து இருக்கையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முகம் தெரியாத அமெரிக்காக்காரர்களின் காப்பீட்டுச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறவள். அவளுக்குச் சொன்னவள் மோகனப்பிரியா, அதுவும் ஒரே ஒரு முறை, கல்லூரிப் பேருந்து சங்ககிரி மலையைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நடுவில் நிறுத்தாமல். அதற்குப் பிறகு அவள் வைஷாலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக இரண்டு வாய் மாறி என்னிடம் வந்த கதை. நடுவே விட்டுப்போன இடங்களை என்னிடமிருந்த பயத்தை வைத்து அடைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் நான்தான் முதல் பட்டம், நானும் அந்த மாதிரி ஒரு இன்டர்வியூவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் உள்ளங்கை வேர்க்க உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பொருள்களை மாற்றவில்லை.

மை ஃபாதர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் ஹியரிங், மை ஃபாதர் ஹேஸ் லாஸ்ட், ஹேஸ், ஹேவ் இல்லை ஹேஸ், அப்பா ஒருத்தர்தானே, ஒருத்தர் என்றால் ஹேஸ் என்று மோகனப்பிரியா உதடு அசையாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஷாலில் குத்தியிருந்த ஊக்கு தோளில் உறுத்தியது, கையை உயர்த்திச் சரிசெய்யலாம், ஆனால் அசைந்தால் மனதில் அடுக்கி வைத்த வாக்கியம் கலைந்துவிடும் போல இருந்தது. செமினார் ஹாலைப் பிளைவுட்டால் இரண்டாகத் தடுத்து உள்ளே இன்டர்வியூ வைத்திருந்தார்கள், தடுப்பு கூரை வரை போகவில்லை, உள்ளே மின்விசிறி சுற்றுவதும் யாரோ நாற்காலியை இழுப்பதும் கேட்டது. புதுப் பிளைவுட்டின் பசை வாடை. மூன்று மூன்று பேராகத்தான் இங்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், வைஷாலி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகிறது, அவளுக்கு அடுத்து எலக்ட்ரானிக்ஸ் பையன் லோகநாதன், அதற்கடுத்து இவள். இந்த வேலை கிடைத்தால் அப்பா ரிக் வண்டிக்குப் போக வேண்டாம். அது மட்டும்தான் கணக்கு, வேறு கனவு ஒன்றும் அவளுக்கு இல்லை, அப்பா வீட்டில் இருக்க வேண்டும், சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ ஏதோ ஒரு காட்டில் போர் போடும் வண்டிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முன்பு அவர் டிரில்லர். பாறைக்குள் சுத்தியல் இறங்கும், கம்ப்ரசர் நாளெல்லாம் உறுமும், காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளுங்க என்று அம்மா சொன்னால் பஞ்சு வெச்சா பாறை எப்ப மாறுதுன்னு எப்புடித் தெரியும் என்பார், சத்தத்தை வைத்தே அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்கிற ஆள், அந்தச் சத்தமே காதைத் தின்றுவிட்டது. இப்போது அதே வண்டிக்குச் சமையல். ஃபோன் பண்ணுவார், சொல்லு சாமி என்பார் பழக்கத்தில், பிறகு அவரே, நான் நல்லா இருக்கறேன், நீ படி, அம்மாளப் பாத்துக்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார், நடுவில் இவள் என்ன சொன்னாலும் அது அவருக்கு இல்லை. லாஸ்ட் என்று சொல்லாதே, ஹேஸ் லாஸ்ட் என்று சொல் என்றார் இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்கும் எபநேசர் சார். லாஸ்ட்னா அது போன கதை, முடிஞ்சுது, யாருக்கு என்ன? ஹேஸ் லாஸ்ட்னா இன்னிக்கும் கேக்கல, இப்ப நீ என் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போதும் கேக்கல, புரியுதாம்மா? புரிந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து கோ வென்ட் கான் என்று மூன்று வரிசையாக மனப்பாடம் செய்திருந்தாளே தவிர இந்த ஹேவ் எதற்கு இடையில் வந்து உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நடந்து முடிந்ததுதான், ஆனால் முடிந்துபோகவில்லை. அம்மா காலையில் கதவைத் திறந்து வாசல் ஈரமாக இருந்தால் ராத்திரி மழை பேஞ்சிருக்குது என்பாள், பெய்யும்போது யாரும் பார்க்கவில்லை, ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான், இதைத்தானே இங்கிலீஷ்காரனும் சொல்கிறான், இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம். ஆனால் நேற்று என்று சேர்த்துவிடக் கூடாது. யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் என்று அவள் எத்தனை முறை சொல்லி மாட்டியிருக்கிறாள். எப்போது என்று சொல்லிவிட்டால் அந்த ஹேவ் நிற்காது. மை ஃபாதர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் ஹியரிங், என்று மறுபடி ஆரம்பித்தாள், அப்போது அதே வாக்கியம் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

முதலில் தன் குரல்தான் என்று நினைத்தாள். சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று பக்கத்தில் பார்த்தாள். இல்லை. உள்ளே வைஷாலி. தெளிவாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு விட்டு, மை ஃபாதர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் ஹியரிங், ஹி ஹேஸ் வொர்க்டு நியர் எ கம்ப்ரசர் ஆல் ஹிஸ் லைஃப். வைஷாலியின் அப்பா திருச்செங்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்குள்ளிருந்தே தெருவில் போகிறவர் பேசுவது கேட்டு வெளியே வந்து பதில் சொல்கிற ஆள். அவருக்குக் காதா? மாடிப்படி இருக்கிறது என்று கால் வைத்து இல்லாமல் போனது போல இருந்தது. சொல்லிக்கொண்டே போகிறாள். வென் ஐ ரீட் அலவுட், ஹி புட்ஸ் ஹிஸ் ஹேண்ட் ஆன் த டேபிள் டு ஃபீல் மை வாய்ஸ். உள்ளே ஒரு பெண் குரல், ஓ, என்றது. அந்த ஓ எனக்கு வர வேண்டியது. சீச்சீ, என்ன நினைப்பு இது, அப்பாவின் காதை வைத்து ஓ வாங்கத்தானா நானும் வந்தேன். ஆமாம், அதற்குத்தானே வந்தாய். பொங்கலுக்கு வைஷாலி எங்கள் வீட்டுக்கு வந்தாள், அப்பா அப்போது ஊரில் இருந்தார், வாங்க கண்ணு, சாப்புடுங்க என்று உரக்கச் சொன்னார், காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், வைஷாலி திடுக்கிட்டு, பிறகு சிரித்து, இலையில் விழுந்த பொங்கலைத் தின்றுகொண்டே, ஏய் மோகி உங்கப்பா செம ஸ்வீட்டுடி என்றாள். அன்றைக்கு எடுத்துக்கொண்டாளா? தின்றுகொண்டே எடுத்துக்கொண்டாளா? இல்லை, அன்றைக்கு அப்பா கை வைக்கவில்லையே, அன்றைக்கு நான் படிக்கவில்லையே. அப்புறம் எப்போது? எப்போது என்று கேட்காதே, எப்போது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, வாசல் ஈரமாக இருக்கிறது. எடுத்திருக்கிறாள். ஏமாத்தியிருக்கா என்றுதானே சொல்வோம், ஏமாற்றும்போது யார் கூட நின்று பார்த்தார்கள். ஆனால் டேபிள் என்கிறாளே. மனம் அந்தச் சொல்லில் போய்ச் சிக்கிக்கொண்டது, முள்ளில் துணி மாட்டுவது போல, இழுத்தாலும் வரவில்லை. எங்கள் வீட்டில் ஏது டேபிள்? வைஷாலிக்குத் தெரியும், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்துதானே சாப்பிட்டாள், முதுகைச் சாய்த்துக்கொண்டதே பெட்டியில்தான், அம்மாவின் தகரப் பெட்டி, கல்யாணத்துக்குக் கொடுத்தது, பச்சை பெயின்ட் உரிந்து போன பெட்டி. அதன் மேல்தான் இவள் புத்தகம். முகவாயை விளிம்பில் ஊன்றிக்கொண்டு படிப்பாள், அப்பா சிமென்ட் தரையில் எதிரே உட்கார்ந்து உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துக்கொண்டு, படி சாமி, என்பார். என்ன தெரியுமோ அவருக்கு, தலையை ஆட்டுவார், நடுவில் இவள் நிறுத்தினால் ஏன் நிறுத்தற என்று கேட்பார், கேட்காமலே நிறுத்தியது தெரிந்துவிடும். வைஷாலி அவளாக எடுத்திருந்தால் பெட்டி என்றல்லவா சொல்லியிருப்பாள். டேபிள் என்று சொல்லச் சொன்னவர் ஒரே ஒருத்தர்தான்.

"ஏனுங்க, உள்ள யாரு, உங்க கிளாஸ்ங்களா?" என்றான் பக்கத்து நாற்காலி லோகநாதன். அவன் கழுத்து டை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. "நல்லா ஒப்பிக்கறாங்க. நான் பாதியிலயே தொக்கி நின்னுருவனுங்க."

"எதை?"

"கஷ்டம் என்னன்னு கேப்பாங்கல்லங்க, அந்த ஹார்ட்ஷிப் கேள்விக்குத்தான். எபி சார் குடுத்தது. நீங்க அன்னிக்கு வரலீங்களா? அப்பா காது போச்சு, டேபிள் மேல கை வெக்கறாரு, அதுங்க. எல்லாரும் அதைத்தான் சொல்லப்போறாங்க. இதைச் சொன்னா பேனல்ல கண்ணு கலங்கீரும், கம்பல்சரி செலெக்ட்டுன்னாரு சாரு." அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "எல்லாருமே காதுன்னா மாட்டிக்குவமில்லீங்? அதனால நான் கண்ணுன்னு மாத்தி வெச்சிருக்கறனுங்க. ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் ஐசைட். எப்பூடி?"

"உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாதா?"

"ஐயோ, ஏனுங்க நீங்க வேற! பஸ் ஓட்டறாருங்க எங்கப்பா."

அவள் சிரித்தாள். ஏன் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை, வந்தது, பிறகு நின்றுவிட்டது. அன்னிக்கு வரலீங்களா. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு அப்பா ரிக் ஏறிய நாள், வண்டி புறப்படும் வரை நின்று, எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் இங்கே கரும்பலகைக்கு முன்னால் நின்று எபநேசர் சார் அவள் அப்பாவைப் பங்கு வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னது ஒத்திகைக்கு வைத்த மாக் இன்டர்வியூவில், அவர் அறையில், வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, உன் வாழ்க்கையில் ஏதாவது கஷ்டம் உண்டாம்மா என்றார், இங்கிலீஷில் சொல்லு, தப்பானாலும் பரவாயில்லை என்றார், தப்புத் தப்பாகச் சொன்னாள், இங்கிலீஷில் என்பதால்தான் சொல்ல முடிந்தது, தமிழில் வாய் வந்திருக்காது, இங்கிலீஷில் சொன்னால் அது வேறு யாருடைய அப்பாவோ போல இருந்தது. கடைசியில் பெட்டியைச் சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பைத்தான் அவள் நம்பினாள். ஒரு மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நம்பாமல் என்ன செய்வது, அது வெறும் தூசியாகவும் இருந்திருக்கலாமே. பிறகு பென்சில் எடுத்தார். லாஸ்ட் இல்லம்மா, ஹேஸ் லாஸ்ட். ட்ரங்க் பாக்ஸ் வேண்டாம், அவங்களுக்குப் புரியாது, டேபிள்னு வெச்சுக்க, கிளீனா இருக்கும். சரிங்க சார் என்றாள். ஏன் சரி என்றேன்? அந்த இடத்திலேயே அது என்னுடையது இல்லாமல் போனதோ? பெட்டி இருந்தவரை எங்கள் வீட்டுக் கதை, டேபிள் வந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். காலையில் பேருந்து வந்து நின்றபோது சார் படியருகே நின்று ஒவ்வொருவர் தோளையும் தட்டினார், ஆல் த பெஸ்ட், நீங்கல்லாம் என் பிள்ளைங்க, என்று. இவள் தோளையும் தட்டினார். அவர் கண் தாழவில்லை. அவருக்குத் தப்பு செய்ததாகவே தெரியவில்லை என்பதுதான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. நல்ல வாக்கியம் கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் வைஷாலி? சாருக்கு அப்பாவைத் தெரியாது. வைஷாலிக்குத் தெரியும்.

கதவு திறந்து வைஷாலி வெளியே வந்தாள். முகம் ஜொலித்தது. லோகநாதன் டையை நேராக்கிக்கொண்டு உள்ளே போனான். "சூப்பராப் போச்சுடி மோகி" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் மூன்றடி தள்ளி நின்றுவிட்டாள், ஏனென்றால் மோகனப்பிரியா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"பிளைவுட்டுதானே."

"எல்லாருக்கும்தான்டி குடுத்தாரு. நான் மட்டும் இல்ல."

"உனக்குத் தெரியுமில்ல?"

வைஷாலி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீயே வந்து சார்கிட்டக் கேப்பேன்னு இருந்தேன். எல்லாரும் சொல்லும்போது நான் மட்டும் சொல்லாம உட்டா எனக்கு வேற என்னடி இருக்கு? எங்கப்பா ஜெராக்ஸ் கடைடி. அதுல என்ன கஷ்டத்தச் சொல்ல?" பிறகு, தானே நம்பாத குரலில், "உனக்கு என்ன, உன்னோடது நெசம்தானே, நீ சொன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

எனக்கு வேற என்னடி இருக்கு என்றது மோகனப்பிரியாவின் காதில் நின்றது. அப்பாவுக்குக் காது கேட்பது ஒரு குறையாகப் போய்விட்டது இவளுக்கு. போய் அவர் காதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமே இவள், கடைக்குள்ளிருந்து பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற அப்பா. திரும்பிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இவளுக்கு யார் சொல்வது. என் அப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, அவர் கேட்காமல் நடந்துகொண்டே இருக்க, ஓடிப் போய்த் தோளைத் தொட்டால் பதறுவாரே, அந்தப் பதற்றத்தை எந்த வாக்கியத்தில் வைப்பது, எபநேசர் சார் அதற்கு என்ன ஃபார்முலா வைத்திருப்பார். உள்ளே லோகநாதன் ஆரம்பித்திருந்தான். மை ஃபாதர் ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் ஐசைட். திக்கினான். மறுபடி பிடித்துக்கொண்டான். வென் ஐ ரீட் அலவுட், ஹி புட்ஸ் ஹிஸ் ஹேண்ட் ஆன் த டேபிள் டு ஃபீல் மை வாய்ஸ். பிறகு அந்தப் பெண் குரல், களைப்போடு, தமிழிலேயே கேட்டது: "தம்பி, கண்ணுதானே தெரியாது? காது கேக்குமில்ல? அப்புறம் எதுக்கு மேஜை மேல கை வெக்கறாரு?" ஓர் ஆண் குரல் வெடித்துச் சிரித்தது. லோகநாதன் ஏதோ முனகினான். பெண் குரல் சொன்னது, கோபமாகக்கூட இல்லை, "காலையிலேருந்து உங்க காலேஜ் பிள்ளைங்க சொல்றதைக் கேட்டு நானும் இந்த மேஜை மேல கை வெச்சுத்தான் பார்க்கறேன். ஒண்ணும் தெரியலையே. யாருப்பா இந்தக் கதையை எழுதிக் குடுத்தது?" பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் வைஷாலி வாயைப் பொத்திக்கொண்டாள். மோகனப்பிரியா அந்தக் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எழுதிக் குடுத்தது. ஆக இவர்களுக்கு அப்படி ஒருத்தரே இல்லை. அப்படி ஒருத்தர் இருந்து, ஒடிசாவில் எங்கோ இப்போது புளி கரைத்துக்கொண்டிருக்கலாம், கம்ப்ரசர் உறுமுவது கேட்காமல், நேரம் பார்த்து மகள் உள்ளே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு. அவரை வைத்து உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எழுந்து போய்விடலாம். பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். போனால் வேலை போகும், அப்பா இன்னொரு வருஷம் ரிக் ஏறுவார், அடுத்த வருஷமும் ஏறுவார். உள்ளே போனால் என்ன சொல்வாள்? வேறு கஷ்டம் எதுவும் தயார் செய்யவில்லை, இது ஒன்றே போதும் என்றிருந்தாள், இது நிஜம் என்பதால் போதும் என்று. நிஜமானது கடைசியில் வந்தால் அதுதான் காப்பி. லோகநாதன் காது சிவக்க வெளியே வந்து யாரையும் பார்க்காமல் படியிறங்கினான். மோகனப்பிரியா என்று உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். அந்த அம்மாள் கைத்தறிப் புடவை கட்டியிருந்தார், கண்ணுக்குக் கீழே கருவளையம், முகம் பொல்லாத முகம் இல்லை. மேஜை பெரிய மேஜை, கெட்டி மரம், மேலே கண்ணாடி. முதல் கேள்விகளுக்கு என்ன சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை, ஹேவ் வர வேண்டிய இடத்தில் வந்தது, நேற்று என்று எதையும் அதோடு சேர்க்கவில்லை, தன் வாய் தானாகச் சரியாகப் பேசுவதைத் தள்ளி நின்று பார்ப்பது போல இருந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். போர்வெல் வண்டியில் வேலை என்றாள். அந்த அம்மாள் கையை உயர்த்தினார். "கஷ்டம் பத்தின கேள்வி அடுத்து வரணும். ஆனா ப்ளீஸ்மா, அப்பா கதை மட்டும் வேண்டாம், என்னால இன்னொரு தடவை முடியாது." பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேலியாகத்தான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லாமல் கேட்டார், "உங்கப்பாவுக்காவது காது கேக்குமா?"

மேஜை இல்லை சார், பெட்டி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தகரப் பெட்டி, பச்சைப் பெட்டி, நான் முகவாயை ஊன்றிக்கொண்டு படிப்பேன், நீங்கள் வைத்துப் பார்த்தது தப்பான இடம், அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் நம்புவார்கள். இது யாரும் சொல்லாதது. அந்த அம்மாள் நிமிர்ந்து உட்காருவார், மறுபடி ஓ என்பார். நம்புவார்கள், வேலை கிடைக்கும், சாயங்காலம் எபநேசர் சாருக்குத் தெரியும், அடுத்த வருஷம் கரும்பலகையில் டேபிளை அழித்துவிட்டுப் பெட்டி என்று எழுதுவார், பெட்டியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து தகரத்தில் கை வைப்பார்கள். அவள் அப்பாவின் உள்ளங்கையை நினைத்துக்கொண்டாள், ராடு பிடித்துக் காய்த்துப் போன கை, அது தகரத்தின் மேல் எவ்வளவு லேசாக இருக்கும், தூங்குகிற குழந்தை மேல் வைப்பது மாதிரி. இவர்களுக்குக் கிடைக்காமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நேர்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று வளர்ந்தவள். அதுவரை பரீட்சையில் பக்கத்துத் தாளைக்கூடப் பார்க்காதவள்.

"கேக்கும் சார்" என்றாள். "நல்லாக் கேக்கும்."

பேருந்தில் எல்லாம் சொல்லி முடித்தபோது வைஷாலி, நீ பெட்டியைச் சொல்லியிருக்கலாமில்லடி என்று கேட்டிருக்கிறாள். மோகனப்பிரியா சங்ககிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தேர்வானவர்களின் பெயர்கள் வந்தன, வைஷாலியின் பெயர் இருந்தது, மோகனப்பிரியாவின் பெயர் இல்லை. அவள் அப்பா அந்த வருஷமும் ரிக் ஏறினார். இதை வைஷாலி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னபோது, கடைசியில், கை வெச்சா நெசமாவே அப்படித் தெரியுமா என்ன, எனக்கு இன்னும் சந்தேகம்தான், என்றாள். எனக்கும் இருந்தது. அதனால் அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு, அலுவலக ஹெட்போனையும் மேலே மாட்டிக்கொண்டு, என் தங்கையைப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். மேஜையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பரணிலிருந்து அம்மாவின் பழைய தகரப் பெட்டியை இறக்கி, அதன் விளிம்பில் முகவாயை ஊன்றி அவளைப் படிக்கச் சொல்லி, மேலே உள்ளங்கையை வைத்தேன். தெரிகிறது. அவள் நிறுத்தினால் அதுவும் தெரிகிறது.